ஸ்பென்சரில் வெட்டி விழுந்த ஓரங்கள்

எங்கள் வீட்டுப் பிடிதுணி எப்போதும் ஜீன்ஸ் துணிதான். குழம்புச் சட்டி இறக்க, குக்கர் மூடி திறக்க, பால் பொங்கி வழிந்தால் அவசரத்துக்கு அடுப்பைத் துடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். குட்டையான நீலக் குழாய் மாதிரி இருக்கும். ஒரு முனையில் ஆரஞ்சு நூலில் தடித்த தையல். பாட்டி அதில் இரண்டைக் கைக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு இட்லிப் பானையை இறக்கும்போது குத்துச்சண்டைக்குக் கிளம்புகிறவள் போலத் தெரிவாள். இத்தனைக்கும் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஜீன்ஸ் போட்டவர் ஒருவரும் இல்லை. தாத்தா வேட்டி, அப்பா டெரிகாட்டன் பேன்ட், எனக்குப் பள்ளிக்கூட அரை டிராயர்.

அந்தத் துணிகள் ஸ்பென்சரிலிருந்து வந்தவை. அங்கே ஜீன்ஸ் வாங்கியவர்களின் காலுக்கு மிஞ்சிய நீளம்.

ஸ்பென்சர் பிளாசா என்று முழுப் பெயர் சொல்கிறவர் வெளியூர்க்காரராக இருப்பார். எங்களுக்கு அது வெறும் ஸ்பென்சர். வீடு திருவல்லிக்கேணியில். வாலாஜா ரோடு வழியாக அண்ணா சிலைக்கு வந்து, அண்ணா சாலையைப் பிடித்து நடந்தால், தேவி தியேட்டர், ஹிக்கின்பாதம்ஸ், எல்ஐசி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி அரை மணி நேரத்தில் போய்விடலாம். பஸ் காசு மிச்சம். தாத்தாவுக்கு அது கடைசிவரை மவுண்ட் ரோடுதான். அண்ணா மேல் அவருக்கு உயிர்; வீட்டில் படம்கூட மாட்டியிருந்தார். ஆனாலும் சாலைக்கு மட்டும் பழைய பெயர்.

தாத்தாவின் ஸ்பென்சர் வேறு. மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் அவர் பியூன். 1860-களில் டுரன்ட், ஸ்பென்சர் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் தொடங்கிய கடை பின்னால் யூஜின் ஓக்ஷாட் என்பவர் கைக்குப் போய், 1895-இல் கோபுரங்களும் வளைவுகளுமாகச் சிவந்த நிறத்தில் ஒரு மாளிகையாக எழுந்தது. போக்சன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. திண்டுக்கல்லில் சுருட்டுச் செய்து சீமைக்கே அனுப்பிய கம்பெனி அது. கிறிஸ்துமஸ் சமயத்தில் மேனேஜர் வீட்டுக்குக் கேக் வாங்கிவரத் தாத்தாவை அனுப்புவார்களாம். சீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டு வாசலில் நிற்பார், பார்சல் வரும், சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். முன்வாசல் வழியாக ஒருமுறையும் போனதில்லை. “போகக் கூடாதுன்னு எவனும் சொல்லல. எனக்குத்தான் போகத் தோணல” என்பார்.

1983-இல் அந்தக் கட்டடம் தீயில் போனது. நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம். 1985-இல் சென்ட்ரல் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட்டும் எரிந்தது. தாத்தா இரண்டையும் சேர்த்தே சொல்வார், சொந்தத்தில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்த மாதிரி.

ஸ்பென்சர் எரிந்த இடத்தில்தான் 1991-இல் புதியது திறந்தது. பழைய கட்டடத்தை ஞாபகப்படுத்த முகப்பில் வளைவுகள் வைத்திருந்தார்கள். தாத்தா எதிர்ப்பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: “மூக்கு மட்டும் அப்பனாட்டம் இருக்கு.”

நான் முதலில் உள்ளே போனது ஒன்பது வயதில், ஒரு மே மாதத்தில். என்ன வாங்கப் போனோம் என்று நினைவில்லை. எதுவும் வாங்கியிருக்க மாட்டோம். ஊரே பார்க்கப் போனது, நாங்களும் பார்க்கப் போனோம். வாசல் கதவு திறந்து மூடும்போதெல்லாம் குளிர்காற்று ஒரு கையளவு தூரம் வெளியே வந்துவிட்டுத் திரும்பும். அந்தக் கையளவு தூரத்தில் எப்போதும் பத்துப் பேர் நின்றிருப்பார்கள். டை கட்டிய மெடிக்கல் ரெப், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள், சவாரி இல்லாத ஆட்டோக்காரர். உள்ளே வருவதுமில்லை, விலகிப் போவதுமில்லை. சென்னை வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அவர்களைப் பற்றி விளக்கம் தேவையில்லை. எங்கள் வீட்டில் அன்று ஏசி கிடையாது. தெரிந்தவர்கள் யார் வீட்டிலும் கிடையாது. ஏசியில் உட்காரவேண்டும் என்றால் சினிமா டிக்கெட் எடுக்கவேண்டும், இல்லை ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும். காசு கேட்காமல் குளிரூட்டிய முதல் இடம் எங்களுக்கு ஸ்பென்சர்தான். தாத்தாவுக்கு வாசல்வரைதான் அனுமதி என்று அவரே வைத்துக்கொண்ட அந்த மனையில், நான் ரப்பர் செருப்போடு சரக் சரக்கென்று நடந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் எஸ்கலேட்டர். அதன் அடியில் ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். ஏறத் துணிந்தவர்களை ஏறத் துணியாதவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அம்மா புடவைக் கொசுவத்தைச் சேர்த்து ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு, கோயில் குளத்தில் இறங்குகிறவள் மாதிரி ஒரு காலை வைத்தாள். மேலே போய்விட்டோம். இறங்கும்போதுதான் பிரச்சினை. ஏறுகிற படி நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது, சரி. இறங்குகிற படி காலடியில் பள்ளமாக விழுகிறது. அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். “எங்கியாவது மனுஷன் எறங்குற படி இருக்கும், வா” என்று என்னை இழுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தாள்.

படிக்கட்டு இருந்தது. கடை வரிசைக்குப் பின்னால், ஒரு கதவைத் தள்ளினால். அந்தக் கதவைத் தாண்டியதும் குளிரும் இல்லை, கிரானைட்டும் இல்லை. சுவர் ஓரமாக அட்டைப் பெட்டிகள், சாப்பாட்டு அடுக்கைத் திறந்துவைத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற கடைப் பையன்கள், பீடி வாசனை, டீ வாசனை. அதில் ஒருவன் அம்மாவைப் பார்த்துச் சாப்பாட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு “வாங்கக்கா, இப்டி எறங்கிடுங்க” என்று காலை மடக்கி வழிவிட்டான். எனக்கு என்னவோ முன்பக்கத்தைவிட இது பிடித்துப்போனது.

ஐந்து வருஷம் கழித்து அந்தப் படிக்கட்டிலேயே நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அம்மாவின் கடைசித் தம்பி, சின்ன மாமா, ஸ்பென்சரின் இரண்டாவது பகுதியான ஃபேஸ் இரண்டில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தார். 1998 முழுப் பரீட்சை விடுமுறையில் வீட்டில் என் தொல்லை தாங்காமல் அம்மா என்னை அவரோடு அனுப்பிவைத்தாள். “ஏசியில உக்காந்திருக்கட்டும்” என்றாள்.

கடை என்றால் பத்தடிக்குப் பத்தடி. மூன்று சுவரிலும் ஜீன்ஸ், டி-ஷர்ட். திருப்பூரிலிருந்து வந்த எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் ஒரு பக்கம், ‘ஃபர்ஸ்ட் காப்பி’ ஒரு பக்கம். ஃபர்ஸ்ட் காப்பி என்றால் போலியில் முதல் தரம். அதை வாங்க வருகிறவருக்கும் அது போலி என்று தெரியும். நல்ல போலியா என்பதுதான் பேச்சு. மாமா துணியை விரித்துக் காட்டுவதே தனி அழகு. மடிப்பைப் பிரித்து ஒரு உதறு உதறினால் பேன்ட் மேஜைமேல் ஆள் படுத்த மாதிரி விழும். “லாஸ்ட் பீஸ் சார்” என்பார். அதே லாஸ்ட் பீஸ் உள்ளே இன்னும் பதினாறு இருக்கும்.

காலையில் பதினொரு மணிவாக்கில் ஷட்டர் தூக்கி, ஊதுபத்தி காட்டி, முதல் போணிக்குக் காத்திருப்பார்கள். முதல் பார்ட்டியைச் சும்மா அனுப்பக் கூடாது. எவ்வளவு அடித்துப் பேசினாலும் கொஞ்சமாவது லாபம் நின்றால் கொடுத்துவிடவேண்டும். அதனால் பேரம் தெரிந்தவர்கள் காலையிலேயே வருவார்கள். பேரம் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் குடும்பத்தோடு வருவார்கள். கடையின் வாடகை அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயந்திரங்களில்தான் வந்தது.

விலைச்சீட்டின் மூலையில் பேனாவால் மூன்று எழுத்து கிறுக்கியிருக்கும். அதுதான் அசல் விலை. முதலாளி ஒரு பத்தெழுத்துச் சொல்லை வைத்திருந்தார், எந்த எழுத்தும் திரும்ப வராத சொல். முதல் எழுத்து ஒன்று, இரண்டாம் எழுத்து இரண்டு, கடைசி எழுத்து சைபர். பார்ட்டி கண்முன்னாலேயே சேல்ஸ்மேன் சீட்டைப் புரட்டி எவ்வளவு தூரம் இறங்கலாம் என்று பார்த்துக்கொள்ளலாம். மாமா எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். அது அவர் செய்த தப்பு.

ஒரு நாள் நடுவயதுக்காரர் ஒருவர் வந்தார். மாமா 950 என்று ஆரம்பித்தார். அவர் 350 என்றார். மாமா மார்பில் கை வைத்து, “சார், அசலே அதுக்கு மேல சார்” என்றார். எனக்கோ புதிதாகக் கற்ற வித்தை கைகொள்ளவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பரீட்சையில் விடை தெரிந்த பையன் மாதிரி, “மாமா, அசல் இருநூத்தி எண்பதுதானே?” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. 350-க்கே வாங்கிக்கொண்டு, போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். மாமா ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல், “மாப்ளைய பாய்கிட்ட கொண்டுபோய் விட்டுடு” என்றார்.

ஆல்டர் பாய் எங்கள் கடைக்கு மட்டும் ஆளில்லை. அந்த மாடியில் பாதிக் கடைகளின் ஜீன்ஸ் அவரிடம்தான் வரும். அவருடையதைக் கடை என்று சொல்ல முடியாது. படிக்கட்டுக் கதவை ஒட்டிய ஒரு இடுக்கு. ஒரு மிஷின், ஒரு இஸ்திரி மேஜை, ஒரு ஸ்டூல், நூல்கண்டுகள் குத்திய ஒரு பலகை. எக்ஸ்போர்ட் சரக்கு பெரும்பாலும் நீளக் கால்காரர்களை நினைத்துத் தைத்தது. நம்மவர்கள் இடுப்புக்குச் சரியாக எடுத்தால் நீளம் நாலு விரற்கடை மிஞ்சி, காலுக்குக் கீழே தரையைப் பெருக்கும். வெட்டித்தான் ஆகவேண்டும்.

பாய் பார்ட்டியைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, “செருப்பா, ஷூவா?” செருப்பு போடுகிறவருக்கு ஒரு அளவு, ஷூ போடுகிறவருக்கு அரை அங்குலம் கூட. இரண்டும் போடுவேன் என்றால் ஷூ கணக்கு. குதிகாலில் சாக்கால் ஒரு கோடு. அப்புறம் மேஜையில் விரித்து, மடிப்புக்கு ஒன்றரை அங்குலம் விட்டு, கத்தரி. ஜீன்ஸைக் கத்தரிக்கிற சத்தம் சட்டைத் துணியைக் கத்தரிக்கிற சத்தம் மாதிரி இருக்காது. கரும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். இரண்டு மடிப்பு மடித்ததும் பக்கவாட்டுத் தையல் வருகிற இடத்தில் துணி அடுக்கடுக்காகச் சேர்ந்து முண்டு கட்டிவிடும். அப்படியே தைத்தால் ஊசி முறியும். பாய் ஒரு சின்ன இரும்புக் கட்டைமேல் அந்த முண்டை வைத்து, சுத்தியால் நாலு தட்டுத் தட்டுவார். தட்டித் தட்டி அதைச் சப்பையாக்கி, அந்த இடம் வந்ததும் பெடலை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டி, ஊசியை ஒவ்வொரு குத்தாக இறக்கிக் கடத்துவார். மேட்டில் மாட்டுவண்டியை இறங்கித் தள்ளுகிறவர் மாதிரி. தாண்டியதும் மறுபடி பெடல், கடகடவென்று சுற்றிவந்து முடித்துவிடுவார்.

இருபது ரூபாய். “ஒரிஜினல் ஓரம் வேணும்” என்றால் நாற்பது. நிறம் வெளிறி அலையலையாக இருக்கும் பழைய விளிம்பை அப்படியே வைத்து, அதற்கு மேலே மடித்துத் தைத்து, நடுவில் இருக்கிற துணியை மட்டும் எடுக்கிற வேலை அது. பார்த்தால் வெட்டினதே தெரியாது. ஆக எங்கள் பாட்டி கைக்கு வந்த, ஆரஞ்சுத் தையல் போட்ட குழாய்களெல்லாம் இருபது ரூபாய்க்காரர்கள் விட்டுப்போனவை.

என் வேலை பேன்ட்டைப் புரட்டுவது, துண்டுச்சீட்டில் எழுதிய கடை நம்பர் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பது, கீழே விழுகிற துண்டுகளைப் பொறுக்கி ஒரு கோணியில் போடுவது. ஞாயிற்றுக்கிழமையில் கோணி நிறைந்துவிடும். மாமா அதில் நல்லதாகப் பார்த்து ஒரு கவரில் வீட்டுக்கு எடுத்து வருவார். பிடிதுணி மட்டுமில்லை. எனக்குப் பென்சில் பை, தண்ணீர் பாட்டிலுக்கு உறை, தம்பிக்குச் சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்ட ஒரு பள்ளிக்கூடப் பை. பத்து விதமான நீலம் அதில் இருந்தது. ஒருமுறை வகுப்பில் ஒரு பையன், அவன் அப்பா ஸ்பென்சரில் ஜீன்ஸ் வாங்கித் தந்ததாகப் பெருமை அடித்தபோது, அவனுடைய கால் துண்டுதான் என் பென்சில் பையோ என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வெட்டிய துண்டை எந்தப் பார்ட்டியும் கேட்டதில்லை. ஒரே ஒருவர் கேட்டார். பேரனுக்கு ஜீன்ஸ் வாங்க வந்த பெரியவர், கதர் சட்டை. பேன்ட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். “அந்தத் துண்டு?” என்றார். பாய்க்கு முதலில் புரியவில்லை. “துணிக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தேன்?” கோணியில் கைவிட்டு, அந்த நீலத்தைத் தேடி, இரண்டு துண்டையும் எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் போனபிறகு பாய் கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டவில்லை. “ஞாயமான கேள்விடா” என்றார். “இருவது வருஷமா ஊரான் துணிய கோணியில போட்டுட்டிருக்கேன்.” அன்றிலிருந்து யார் வந்தாலும், வெட்டி முடித்ததும், “ஓரம் வேணுமா?” என்று கேட்க ஆரம்பித்தார். வந்தவர்கள் சிரித்தார்கள், வேண்டாம் என்றார்கள். அவர் கேட்பதை விடவில்லை. வீட்டுக்கு வருகிற கவர் கொஞ்சம்கூட இளைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பாயிடம் வேலை செய்ததில் இன்னொரு லாபம். கடை நம்பர் பார்த்துப் பார்த்து எனக்கு ஸ்பென்சரின் வயிறு முழுக்கப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் ஒரு ஃபேஸில் நுழைந்து இன்னொரு ஃபேஸில் தொலைந்து, ஏறின இடம் எது இறங்கின இடம் எது என்று தெரியாமல் அலைவார்கள். எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கும். எனக்கு வாசனையில் வழி தெரியும். தோல் வாசனை வந்தால் பை, பெல்ட் வரிசை. ஊதுபத்தியும் கம்பளியும் கலந்த வாசனை வந்தால் காஷ்மீர்க்காரர்கள். அக்னி நட்சத்திரத்தில் சால்வை விற்றுக்கொண்டிருந்த அவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி ஒருவர் வந்தால் கம்பளத்தை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக்கொண்டே போவார்கள். அவர்களுக்கும் பாய்க்கும் உருதுவில் பேச்சு ஓடும். பாயின் திருவல்லிக்கேணி உருது அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் எல்லோருமாக அண்ணா சாலை மக்கா மசூதிக்குத் தொழுகைக்குப் போவார்கள்.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு விடுதலை. மியூசிக் வேர்ல்டில் சுவரில் ஹெட்ஃபோன்கள் தொங்கும். மாட்டிக்கொண்டால் புது கேசட் முழுக்கக் கேட்கலாம். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல். வீட்டு டேப்ரெக்கார்டரில் கேட்ட அதே பாட்டுக்குள் யாரோ ஓரமாகச் சின்னதாக ஒரு மணி அடித்துக்கொண்டிருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு புத்தகக் கடையில் தரையில் உட்கார்ந்து படக்கதை படிப்பேன். ஒரு புத்தகத்தை நான்கு வெள்ளிக்கிழமைகளில் முடித்தேன். விட்ட பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நீல நூல் வைத்துவிட்டு வருவேன். அடுத்த வாரமும் நூல் அப்படியே இருக்கும். அந்தப் புத்தகத்தை அந்த ஒரு மாதத்தில் வேறு யாரும் தொடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தாத்தாவை ஒருநாள் வலுக்கட்டாயமாக அழைத்துக்கொண்டு போனோம். இந்த முறை முன்வாசல் வழியாகத்தான். நடுக்கூடத்தில் நின்று மேலே பார்த்தார். கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதி நேரம், தான் சீட்டோடு நின்ற பக்கவாட்டு வாசல் இப்போது எங்கே வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கண்ணாடிக்கடை முன்னால் நின்று, “இங்கதான்” என்றார். அப்புறம் இன்னும் பத்தடி நடந்து, “இல்ல, இங்க” என்றார்.

நான் கல்லூரிக்குப் போன வருஷங்களில்தான் ஸ்பென்சர் உச்சத்தில் இருந்தது. ஃபேஸ் மூன்றும் வந்துவிட்டது. காதலர்கள் சந்திப்பதும், வேலை தேடி வந்தவர்கள் இன்டர்வியூவுக்கு முன்னால் முகம் கழுவுவதும் அங்கேதான். அந்தக் கூட்டம் பற்றி எழுத ஒன்றுமில்லை. கூட்டம் எங்கேயும் கூட்டம்தான்.

2006-இல் மயிலாப்பூரில் சிட்டி சென்டர். 2009-இல் அமைந்தகரையில் ஸ்கைவாக். 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தபோதுதான் மாமா, “கத முடிஞ்சுது மாப்ள” என்றார். ஸ்பென்சரிலிருந்து நடந்து போகிற தூரத்தில், எட்டுத் திரையோடு சினிமா. ஸ்பென்சரில் சினிமாவே கிடையாது. படம் பார்க்க வந்தவன் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து சுற்றுவான், பிறகு சாப்பிடுவான். துணிக்கடைக்காரனுக்கு அதுதான் சோறு.

எல்லாவற்றுக்கும் ஆன்லைன் வியாபாரத்தைக் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம். ஸ்பென்சரின் கடைகளுக்கு நிறையச் சொந்தக்காரர்கள். தனித்தனியாக விற்கப்பட்டவை. புது மால்களில் ஒரே நிர்வாகம். எந்த இடத்தில் எந்தக் கடை இருக்கவேண்டும், எது சரியாகப் போகவில்லை, எதைத் தூக்கிவிட்டு எதைக் கொண்டுவருவது என்று ஒருவர் உட்கார்ந்து யோசிக்கலாம். இங்கே ஒரு வரிசையில் பத்துக் கடை என்றால் பத்து முதலாளிகள், பத்து யோசனை. ஒருவர் பூட்டிவிட்டுப் போனால் அவர் பூட்டு வருஷக்கணக்கில் தொங்கும். பக்கத்துக் கடைக்காரன் என்ன செய்வான்? ஒரு ஷட்டர் இறங்கினால் அந்தப் பக்கம் வருகிற கால் குறையும், கால் குறைந்தால் அடுத்த ஷட்டர். போதாக்குறைக்கு மெட்ரோ வேலைக்காக அண்ணா சாலையை வருஷக்கணக்கில் தோண்டிப் போட்டிருந்தார்கள். 2017 ஏப்ரலில் கொஞ்ச தூரத்தில், சர்ச் பார்க் அருகே, சாலையே உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின. 2019 பிப்ரவரியில் எல்ஐசி ஸ்டேஷனில் ரயில் நின்றபோது, இறங்கி ஸ்பென்சருக்குப் போக ஆள் இல்லை. மாமா அதற்கு ரொம்ப முன்பே வேலையை விட்டுவிட்டு, பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் ஒரு தட்டுக்கடை போட்டு நைட்டி, உள்பாவாடை என்று வியாபாரத்தை மாற்றிவிட்டார். அங்கே யாரும் ஃபர்ஸ்ட் காப்பி கேட்பதில்லை. “மானமா பொழைக்கிறேன்” என்கிறார், சிரித்துக்கொண்டே.

யூடியூபில் பையன்கள் கேமராவோடு போய் ‘பேய் மால்’ என்று தலைப்பு வைத்து வீடியோ போடுகிறார்கள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். அந்த வீடியோக்களிலேயே உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஒரு கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கேமரா நகர்ந்துவிடும். பேய்க்கு யார் மின்சார பில் கட்டுவது?

போன வருஷம் மகளுக்குப் பிறந்தநாள் உடையாக ஒரு ஜீன்ஸ் ஆன்லைனில் வந்தது. அவளுக்குப் பதினொரு வயது. நீளம் நாலு விரற்கடை கூட. திருப்பி அனுப்பலாம் என்றாள் மனைவி. நான், “வா, ஒரு இடத்துக்குப் போகலாம்” என்று மகளை மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் மகள், “இவ்ளோ அமைதியா இருக்கு, லைப்ரரி மாதிரி” என்றாள். முகப்புக் கடைகளில் வெளிச்சம் இருந்தது. உள்ளே போகப்போக ஷட்டர், ஷட்டர், ஒரு செல்போன் உறைக் கடை, மறுபடி ஷட்டர். ஒரு காஷ்மீர்க் கடையில் சால்வைகளை மடித்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து எழுந்தார். போணி ஆகாத முகம் எனக்குத் தெரியும். மணி பன்னிரண்டரை. மகளுக்கு ஒரு கழுத்துத்துணி வாங்கினேன், பேரம் பேசவில்லை. அவர் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா இருந்த கடை எண்ணைத் தேடிப்பிடித்தேன். பூட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காலண்டர், ஜனவரியிலேயே நின்றிருந்தது; வருஷம் படிக்க முடியவில்லை.

படிக்கட்டுக் கதவுப் பக்கம் பாய் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை, இருந்திருந்தால் எண்பது வயது தாண்டியிருக்கும். அவர் இடுக்கில் அட்டைப் பெட்டிகள். திரும்பலாம் என்று நினைத்தபோது ஒரு சுத்தியல் சத்தம். டொக், டொக், டொக், டொக். நாலு தட்டு. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சந்து தாண்டிப் போனால், ஒரு சின்னக் கடையில் முப்பது வயசுப் பையன் ஒருவன், முன்னால் மின்சார மிஷின், காதில் ஹெட்ஃபோன். மகளை நிற்கவைத்து, குனிந்து பேன்ட் விளிம்பைப் பிடித்தான்.

“செருப்பா, ஷூவா பாப்பா?”

அவள் என்னைப் பார்த்தாள். “ரெண்டும்” என்றேன்.

“அப்ப ஷூ” என்று சாக்கை எடுத்தான். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. எழுபது ரூபாய். யாரிடம் தொழில் கற்றான் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. பேன்ட்டை மடித்துக் கவரில் போட்டுவிட்டு, மேஜைமேல் கிடந்த இரண்டு நீலக் குழாய்களையும் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“சார், ஓரம் வேணுமா?”

“ரெண்டையும் கொடுங்க” என்றேன்.